ரைட்டர் ரெத்தினம் லினக்ஸுக்கு மாறினார்

"உங்க பத்து செத்துப்போச்சாமே அண்ணே?"

வாசலில் நின்று நெடுஞ்செழியன் இப்படிக் கேட்டதும் ரெத்தினம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திருக்கடையூரில் அவருக்குப் பத்து என்று ஒரு பெரியப்பா மகன் இருந்தார். முழுப் பெயர் பத்மநாபன். போன மாதம்தான் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"எப்பய்யா? காலையிலகூட வாட்ஸ்ஆப்ல குட்மார்னிங் போட்டிருந்தாரே!"

"ஆளு இல்லண்ணே. விண்டோஸ் பத்து. உங்க லேப்டாப்புல ஓடுதுல்ல, அது. பதினாலாம் தேதியோட கதை முடிஞ்சுது. இனிமே அதுக்கு எந்தப் பாதுகாப்பும் சும்மா வராதாம். நம்மகிட்ட பதினொண்ணு. நமக்குக் கவலை இல்ல."

பாபநாசத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பத்திர எழுத்தர்களின் அறைகள் வரிசையாக இருந்தன. ரெத்தினம் அங்கே இருபத்தாறு வருடங்களாகப் பத்திரம் எழுதுகிறவர். ஊரில் அவருக்குப் பெயரே ரைட்டர்தான். நெடுஞ்செழியன் எட்டு வருடம் முன்னால் அடுத்த அறைக்கு வந்தவர். வந்த முதல் வருடம் கண்ணாடிக் கதவு போட்டார். மூன்றாம் வருடம் ஏசி போட்டார். இப்போது பதினொன்று.

ரெத்தினம் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவருடைய டைப்பிஸ்ட் செந்தாமரை அந்தச் செத்துப்போன லேப்டாப்பில் ஒரு கிரயப் பத்திரத்தைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுதே?"

"ஓடும்ணே. ஆனா எவனாவது உள்ள பூந்து நஞ்சையைப் புஞ்சைன்னு மாத்திட்டுப் போனா யாரு பொறுப்பு?"

நெடுஞ்செழியன் போய்விட்டார். ரெத்தினத்துக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கும் அக்கா மகன் இளம்பரிதிக்குப் போன் போட்டார்.

"எந்த விண்டோஸ் மாமா?"

"எல்லார்கிட்டயும் இருக்குமே, அதான்."

"அப்ப பத்துதான். நான் மீட்டிங்ல இருக்கேன், சுருக்கமா சொல்றேன். பதினொண்ணு போட்ட புது லேப்டாப் ஒண்ணு வாங்கிடுங்க."

"பதினொண்ணு வேணாம். அது நெடுஞ்செழியன்கிட்ட இருக்கு. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"மேலன்னா? அப்படி இல்ல மாமா. வேற ஒண்ணு இருக்கு, லினக்ஸ்னு. அதுல பெலிக்கன்னு ஒரு வகை. நான் பெலிக்கன் இருபத்துநாலு வச்சிருக்கேன்..."

"இருபத்துநாலா!"

ரெத்தினம் மனதுக்குள் இருபத்துநாலிலிருந்து பதினொன்றைக் கழித்தார். பதிமூன்று மிச்சம் வந்தது. பக்கத்து அறைக்காரர் பதிமூன்று வருடம் ஓடினாலும் எட்டிப் பிடிக்க முடியாத தூரம்.

"அதையே போடு."

இளம்பரிதி லினக்ஸைப் பற்றி அலுவலகத்தில் பேசிப் பேசி, இப்போது அவன் கேன்டீனுக்கு வந்தால் மற்றவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோகும் நிலை. தானாக வந்து கேட்கும் ஒரு மனிதர் கிடைத்ததும் அவன் மீட்டிங்கை மறந்தான். நாற்பது நிமிடம் பேசினான். இது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

"யாருக்கும் சொந்தமில்லேன்னா புறம்போக்கா?" என்றார் ரெத்தினம்.

"பொதுச் சொத்து மாமா."

"பட்டா யாரு பேருல இருக்கு?"

"எல்லாரு பேருலயும்."

இருபத்தாறு வருட அனுபவத்தில் எல்லார் பேரிலும் பட்டா இருந்த நிலம் கோர்ட்டுக்குப் போகாமல் அவர் பார்த்ததில்லை. ஆனாலும் இருபத்துநாலு என்ற எண் அவர் கண்ணை மறைத்தது.

"சார், இது நல்லாத்தானே ஓடுது?" என்றாள் செந்தாமரை.

"ஓடுறது வேற, உயிரோட இருக்கறது வேற."

"அப்ப இதுலயே அந்த லினக்ஸைப் போட்டுக்கலாம்ல?"

"போட்டா உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமாம். ஒன்பது பத்திரம் பாதியில இருக்கு. நீ இதுல வேலையைப் பாரு. நான் புதுசு வாங்கறேன்."

லேப்டாப் வாங்குவது சுலபம். லினக்ஸுக்கு ஒத்துப்போகிற லேப்டாப் வாங்குவது வேறு விஷயம் என்பது, மருமகன் இளம்பரிதி அனுப்பிய இரண்டு பக்கப் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது. இந்தக் கம்பெனியின் வைஃபை சிப் இருக்கலாம், அந்தக் கம்பெனியுடையது கூடாது. திரைக்குத் தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால் இன்ன எண்ணுக்கு மேல் போகக் கூடாது. கைரேகை வைக்கும் இடம் இருந்தால் அதை மறந்துவிட வேண்டும். எந்த மாடலாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் இணையத்தில் நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

ரெத்தினம் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசாரித்தார். ஒருவர் சிபாரிசு செய்ததை அடுத்தவர் திட்டியிருந்தார்.

"நம்ம பொண்ணுக்கே நீங்க இவ்வளவு பொருத்தம் பார்க்கலயே," என்றாள் அவர் மனைவி ரெங்கம்மாள்.

"மாப்பிள்ளைக்கு வைஃபை சிப் கிடையாது," என்றார் ரெத்தினம்.

சனிக்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் ரோட்டில் பாதியை அடைத்துக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் மாட்டுவண்டி வேகத்தில் போனது. சட்டைப்பையில் பட்டியல். இன்னொரு பையில், இளம்பரிதி கூரியரில் அனுப்பிய பென்டிரைவ். கடையிலேயே லேப்டாப்பில் செருகிப் பார்த்தால் லினக்ஸ் ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

ஷோரூமில் சீருடை போட்ட ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்தாள். சட்டையில் சுடர்விழி என்று பெயர் குத்தியிருந்தது.

"லினக்ஸுக்கு ஒத்துவர்ற மாதிரி இருக்காம்மா?"

"அந்தக் கலர் ஸ்டாக் இல்ல சார். சில்வரும் கிரேயும்தான் இருக்கு."

"கலர் இல்லம்மா. சரி, இதுல யாரோட வைஃபை?"

"நம்ம கடை வைஃபைதான் சார். பாஸ்வேர்டு சொல்லவா?"

ரெத்தினம் பட்டியலை நீட்டினார். அவள் படித்தாள். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் படித்தாள். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க பார்த்துக்கிட்டு இருங்க சார், மேனேஜரைக் கூப்பிடறேன்," என்று போனாள்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்த ஒரு லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, மருமகன் சொன்ன விசையை அமுக்கிக்கொண்டே மறுபடி துவக்கினார். திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழாக அருவி மாதிரி கொட்டின. மூன்று விற்பனையாளர்கள் ஓடி வந்தார்கள். வாசல் செக்யூரிட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

"வைரஸ்! வைரஸ் போட்டுட்டாரு சார்!"

மேனேஜர் வந்தபோது திரையில் ஒரு பச்சைப் பெலிக்கன் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே ஏதோ கேட்கும் ஒரு பெட்டி. மேனேஜர் பதற்றத்தில் அதை மூடுவதாக நினைத்து 'சரி' என்பதை அமுக்கினார். இன்னொரு பெட்டி வந்தது. அதற்கும் 'சரி'. வந்த பெட்டிக்கெல்லாம் 'சரி' கொடுத்துக்கொண்டே போனார். ரெத்தினம் இரண்டு கையாலும் தடுத்தும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டிக்குப் பிறகு ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக மெதுவாக ஊர்ந்தது. கால் மணி நேரத்தில் லினக்ஸ் அந்த லேப்டாப்பில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

"எங்க சாமான்ல உங்க பறவை உட்கார்ந்துடுச்சு," என்றார் மேனேஜர். "இதை இனிமே யாருகிட்ட விக்கறது? நீங்கதான் எடுத்துக்கணும்."

"இது என் பட்டியல்ல இருக்கான்னு பார்க்கணுமே..."

செக்யூரிட்டி ஒரு அடி முன்னால் வந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பட்டியலைப் பார்த்தார். அந்த மாடல் பட்டியலில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், 'தயவுசெய்து இதை மட்டும் வாங்காதீர்கள்' என்ற தலைப்பின் கீழ், முதல் வரியாக.

திங்கட்கிழமை புது லேப்டாப்புக்கு மஞ்சள், குங்குமம் வைத்து மேசையில் அமர்த்தினார். நெடுஞ்செழியன் எட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணாண்ணே?"

"இருபத்துநாலு," என்றார் ரெத்தினம்.

நெடுஞ்செழியன் வந்த வழியே திரும்பிப் போனார். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை சிரமமும் படலாம் என்று ரெத்தினத்துக்குத் தோன்றியது. படவேண்டியும் வந்தது.

வைஃபை வரவில்லை. மருமகனுக்குப் போன் போட்டால், அவன் அன்றைக்கு மீட்டிங்கை மறந்து பேசி மாட்டிக்கொண்டவன் இப்போது மேலதிகாரிக்குப் பயந்து போனையே எடுப்பதில்லை. 'கட்டற்ற காவிரி' என்ற டெலிகிராம் குழுவில் சேரும்படி மட்டும் ஒரு வரி அனுப்பினான். லினக்ஸ் ஆர்வலர்கள் இருக்கும் குழு. எந்தச் சந்தேகத்துக்கும் உடனே பதில் கிடைக்குமாம்.

'வைஃபை வரவில்லை' என்று ரெத்தினம் எழுதினார். உடனே பதில் கிடைக்கத்தான் செய்தது. அறுபத்தொரு பதில்கள். முதல் ஆள் பெலிக்கனை விட்டுவிட்டு மரங்கொத்தி என்ற வேறொரு லினக்ஸுக்கு மாறச் சொன்னார். இரண்டாமவர் மரங்கொத்தி போடுகிறவர்கள் சோம்பேறிகள் என்றார். மூன்றாமவர் முதலாமவரின் தமிழில் இரண்டு பிழைகளைச் சுட்டினார். அதன்பிறகு ஐம்பத்தேழு பதில்கள், 'வைஃபை' என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல் எது என்பதைப் பற்றியவை. கடைசியாக ஒரு நல்ல மனிதர், 'ஐயா, முதலில் லாக் அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

ரெத்தினம் எழுந்துபோய் அறைக்கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். சாவியோடு சேர்த்து இன்னொன்றும் அனுப்பினார்.

பிறகு அந்த நல்ல மனிதரே போனில் வந்து, லாக் என்றால் பூட்டில்லை, கம்ப்யூட்டர் தன் கோளாறுகளை எழுதிவைக்கும் குறிப்பு என்று விளக்கினார். வைஃபைக்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் போட வேண்டும், அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும் என்றார்.

"இணையம் வரணும்னா வைஃபை வேணுமே."

"ஆமா சார்."

"வைஃபை வரணும்னா இணையம் வேணுமா?"

"அதேதான் சார். இப்ப உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

கடைசியில் கைபேசியை வயரில் மாட்டி அதிலிருந்து இணையம் எடுக்க வழி சொன்னார். ரெத்தினம் மாட்டினார். லினக்ஸ் டிரைவரை இறக்கியது. அதோடு நிற்காமல், வெகுநாள் பட்டினி கிடந்ததுபோல் தனக்கு வேண்டிய புதுப்பிப்புகளையெல்லாம் சேர்த்து இறக்கிக்கொண்டது. மதியத்துக்குள் கைபேசியின் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. அதனால், பத்திரம் எழுதச் சொல்லியிருந்த ராஜகிரி மீரா உசேன் அன்று அனுப்பிய நாலு வாட்ஸ்ஆப் செய்திகள் அவருக்கு வரவில்லை. செய்திகளுக்குப் பதிலாக மாலையில் மீரா உசேனே வந்துவிட்டார்.

"என்ன ரைட்டர், மெசேஜ் பார்க்க மாட்டேங்கறீங்க? பயமா இருக்குல்ல."

மீரா உசேனுக்கு ஷார்ஜாவில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருபது நாள் லீவில் வருவார். அவர் பெயரில் இருந்த ஆறு மா நஞ்சையை, அதாவது இரண்டு ஏக்கரை, பன்னிரண்டு வருடமாகப் பயிர் செய்வது அவர் தங்கை ஷம்சாத். கணவர் இறந்த பிறகு அந்த நிலம்தான் அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. அதைத் தங்கை பெயருக்கே தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுக்க ஒவ்வொரு லீவிலும் நினைப்பார். ஒவ்வொரு லீவிலும் ஏதாவது குறுக்கே வந்துவிடும்.

"பயிர்க்கணக்கு அடங்கல் என் பேருல இருக்கு. தங்கச்சி உரம் வாங்கப் போனாலும் சரி, பயிர்க் காப்பீட்டுக்குப் போனாலும் சரி, 'உங்க அண்ணனை வரச்சொல்லும்மா'ங்கறாங்க. நான் ஷார்ஜாவுலேர்ந்து யூரியா வாங்க வரவா ரைட்டர்? வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு டோக்கன் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை திருச்சியிலேர்ந்து எனக்கு பிளைட்டு. இந்தத் தடவை விட்டா இன்னும் ரெண்டு வருஷம்."

"கவலையே வேணாம்," என்றார் ரெத்தினம். "இருபத்துநாலுல நான் எழுதப் போற முதல் பத்திரமே உங்களோடதுதான்."

மீரா உசேனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. ஏதோ ராசியான எண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்.

"சார், அதை மட்டும் நான் இந்தப் பழசுலயே அடிச்சிடறேனே," என்றாள் செந்தாமரை.

"செத்த மிஷின்ல உயிருள்ள பத்திரம் எழுதக் கூடாது. அதுல இருக்கற மாதிரிப் பத்திரத்தைப் பென்டிரைவுல போட்டுக் குடு."

அவள் கொடுத்தாள். ரெத்தினம் புது லேப்டாப்பில் திறந்தார். இருபத்தாறு வருடமாக அவர் எழுதிச் செதுக்கி வைத்த செட்டில்மெண்ட் வாசகம், 'பாபநாசம் வட்டம்' என்று கம்பீரமாகத் தொடங்க வேண்டியது, 'ghgehrk; tl;lk;' என்று தொடங்கியது. அப்படியே ஆறு பக்கம்.

"இது என்ன பாஷை சார்?" என்றாள் செந்தாமரை.

"லினக்ஸ் பாஷையா இருக்கும்," என்றார் ரெத்தினம். அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

நல்ல மனிதர் மறுபடி போனில் வந்தார். அது பழைய காலத்து எழுத்துரு, புதுசுக்கு மாற்ற ஒரு கருவி இருக்கிறது என்று அனுப்பிவைத்தார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதிலேயே கழிந்தன. பக்கத்து மேசையில் செந்தாமரை பழைய லேப்டாப்பில் ஐந்து பத்திரம் அடித்து முடித்தாள். இங்கே ஒரு பத்திரம் தமிழானது. வடக்கு, தெற்கு, வாய்க்கால், வரப்பு எல்லாம் சரியாக வந்தன. ஓர் எழுத்து மட்டும் வரவில்லை. 'ஷ' இருந்த இடமெல்லாம் வெறும் இடமாக இருந்தது.

புதன்கிழமை மாலை வாசகத்தைப் படித்துப் பார்க்க அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஷம்சாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'ம்சாத்' யாரு?"

"நீங்கதாம்மா. 'ஷ' மட்டும் இதுல கொஞ்சம் சிரமப்படுத்துது. கையால எழுதிச் சேர்த்துடலாம்."

"என் பேரே பாதிதான் இருக்கு. நெலம் மட்டும் எப்படி முழுசா வரும்?" என்றார் ஷம்சாத்.

மீரா உசேன் வாயைத் திறக்கப் போனார். தங்கை அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நாளைக்குக் காலையில முழுப் பேரோட இருக்கட்டும் ரைட்டர். உங்களை நம்பித்தான் வந்தோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட ரெத்தினத்துக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

வியாழக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குள் ரெத்தினம் ஒவ்வொரு 'ஷ'வாகத் தேடிப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பத்திரம் திரையில் தயார். பிரிண்டர்தான் ஒத்துழைக்கவில்லை. கொடுத்த உத்தரவையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தது. ஆறு முறை அணைத்துப் போட்டார். பத்தரைக்கு நல்ல மனிதர் போனில் சொன்னபடி எதையெதையோ சொடுக்கினார். பதினொன்றுக்குப் பிரிண்டரில் பச்சை விளக்கு மினுங்கியது.

"வந்துடுச்சு! ஸ்டாம்ப் பேப்பரை வை!" என்று கத்தினார்.

"முதல்ல வெள்ளைத்தாள்ல ஒரு தடவை..." என்றாள் செந்தாமரை.

"நேரம் இல்ல, வை!"

மீரா உசேன் பெயருக்கு வாங்கி வைத்திருந்த முத்திரைத்தாள்கள் உள்ளே போயின. பிரிண்டர் உறுமியது. தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. எல்லாவற்றிலும் நடுவில், ஏழு வண்ணத்தில் ஒரு பெரிய சக்கரம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'வாழ்த்துகள்! உங்கள் பிரிண்டர் சிறப்பாக வேலை செய்கிறது.'

காலையிலிருந்து அவர் கொடுத்த ஆறு சோதனைப் பக்கங்களும் வரிசை தப்பாமல் முத்திரைத்தாளில் பதிவாகியிருந்தன.

மீரா உசேன் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"இதைத்தான் என் தங்கச்சிக்கு எழுதிக்குடுக்கறேனா ரைட்டர்?"

ரெத்தினம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு பத்திரம்கூட அவர் கையில் தவறியதில்லை. எதிரே சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில், நனைந்த குடையோடு ஷம்சாத் நிற்பது தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூட நின்றார்கள்.

"சார், மணி பதினொண்ணு இருபது," என்றாள் செந்தாமரை. "பாய், நீங்க ஓடிப்போய்க் கோடிவீட்டு ஸ்டாம்ப் வெண்டார்கிட்ட புதுத்தாள் வாங்கிட்டு வாங்க. சார், நீங்க எந்திரிங்க."

அவர் எழுந்தார். பிரிண்டர் வயரை அவள் பிடுங்கிப் பழைய லேப்டாப்பில் மாட்டினாள். எப்போதும் அடிக்கும் மாதிரிப் பத்திரத்தைத் திறந்தாள். பெயர், வயது, சர்வே எண், நாலெல்லை. விரல்கள் ஓடின. மீரா உசேன் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, சட்டைக்குள் தாளைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தபோது பத்திரம் தயாராக இருந்தது. முதலில் வெள்ளைத்தாள். ரெத்தினம் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். ஷம்சாத் முழுசாக இருந்தார். பிறகு முத்திரைத்தாள். ஆறு பக்கமும் ஒரு முனகல் இல்லாமல் வந்து விழுந்தன.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு மணிக்கு வேலை முடிந்தது. கைரேகை வைத்த விரலைத் துடைக்காமலே ஷம்சாத் வந்து, "நல்லா இருங்க ரைட்டர்," என்றார். பிறகு செந்தாமரை பக்கம் திரும்பி, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார்.

மாலையில் மீரா உசேன் டீயும் அல்வாவும் வாங்கி வந்தார். நெடுஞ்செழியனும் வாசனை பிடித்து வந்து சேர்ந்தார். வண்ணச் சக்கரம் போட்ட முத்திரைத்தாள் கதை அதற்குள் வரிசை முழுக்கப் பரவியிருந்தது.

"என்னண்ணே, இருபத்துநாலு ரொம்ப வேகமாப் போயிடுச்சாமே?"

ரெத்தினம் மானம் பார்க்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டால் அதையும் ஊரறியச் செய்கிறவர் அவர். எழுந்து நின்றார்.

"புத்தி வந்துடுச்சுய்யா. லினக்ஸெல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் வச்சுக்கறது. நம்ம மாதிரி பொறுப்பான தொழில் செய்யறவனுக்கு அது ஆகாது. இதோ பாரு." பழைய லேப்டாப்பின் முதுகில் தட்டினார். "ஆறு வருஷம். ஒரு நாள் நின்னதில்ல. ஒரு வைரஸ் வந்ததில்ல. உன் பதினொண்ணுக்கு ரெண்டு தடவை வைரஸ் வந்துச்சு, எனக்குத் தெரியும். பழைய விண்டோஸ் மாதிரி வருமா? செத்துப்போச்சுன்னு சொன்னீங்க. செத்தும் காப்பாத்துச்சே, அதுதான் விண்டோஸ்!"

செந்தாமரை கைதட்டினாள். நெடுஞ்செழியன் வைரஸ் விஷயம் எப்படி வெளியே போனது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புது லேப்டாப்பை என்ன பண்ணப் போறீங்க?" என்று மீரா உசேன் கேட்டார். "என் மச்சான் அப்சர் மஸ்கட்டுலேர்ந்து நேத்துதான் வந்தான். மக வீட்டுக்குப் போய் ஆறு மாசம் இருந்துட்டு வந்திருக்கான். பஸ் ஸ்டாண்டுகிட்ட கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கானே, உங்களுக்குத் தெரியுமே. வரச்சொல்லவா?"

"அப்சரா! ஐயா, வரச்சொல்லுங்க. அவர் ஊர்ல இருந்திருந்தா எனக்கு இந்தக் கதியே வந்திருக்காது."

அப்சர் பத்து நிமிடத்தில் வந்தார். நரைத்த தாடியும், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குருடிரைவரும் வைத்திருக்கும் மனிதர். சலாம் சொல்லிவிட்டு அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார். ரெத்தினம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஷோரூம், பறவை, பூட்டு, 'ஷ', சக்கரம். அப்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும் ரைட்டர் சார்?"

"புதுசுல இருக்கற லினக்ஸை அடியோட அழிங்க. அதோட வாசனைகூட இருக்கக் கூடாது. அழிச்சிட்டு, இந்தப் பழசுல என்ன ஓடுதோ அதை ஒரு புள்ளி மாறாம அப்படியே அதுல போட்டுக் குடுங்க."

அப்சர் பழைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு புதியதைப் பார்த்தார். டீயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும் சார்," என்றார். "ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி வைரஸ் வந்து படுத்தப்ப இதுல நான் போட்டுக் குடுத்ததே லினக்ஸ்தான்; சொன்னா பயந்துடுவீங்கன்னு விண்டோஸ் மாதிரி மேல்பூச்சு மட்டும் பூசி விட்டேன்."